இடுப்பு மூட்டு ஆபரேஷன்: மறுபடி நடக்க முடியுமா? எத்தனை வருஷம் தாங்கும்?

சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வந்தால், மரக்காணத்தைத் தாண்டி புதுச்சேரி எல்லைக்குள் நுழையும் இடத்தில் இருக்கிறது கனகசெட்டிக்குளம். கடற்கரைக் கிராமம். பிம்ஸ் என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பதும் இங்கேதான். இங்கே என்றில்லை, கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் அரசு மருத்துவக் கல்லூரி என எந்த எலும்பு வார்டுக்குப் போனாலும் நோயாளியோடு கூட இருப்பவர்கள் டாக்டரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணா நடப்பாங்களா?"

பெரும்பாலும் கிடைக்கும் பதில், "நடப்பாங்க." அது பொய் இல்லை. ஆனால் பாதி பதில்.

ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வந்து டாக்டர் "சக்சஸ்" என்று சொன்னால், எலும்பும் இம்ப்ளான்டும் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நோயாளிக்கு அது எப்படி முடிந்தது என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரியும். வைத்த மூட்டு நல்ல மூட்டா என்பது தெரிய 10, 15 வருஷம்கூட ஆகும். அந்தப் பின்கதையை யாராவது எழுதி வைக்கிறார்களா என்பதில்தான் நம் ஊரில் பிரச்சினையே இருக்கிறது.

எது இடுப்பு மூட்டு?

தமிழில் "இடுப்பு வலி" என்றால் பாதிப் பேர் கையை வைத்துக் காட்டுவது முதுகின் அடிப்பகுதியை. பிரசவ வலிக்கும் அதே பெயர்தான். ஆனால் டாக்டர் சொல்லும் இடுப்பு மூட்டு, தொடை எலும்பின் உருண்டையான தலை இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் பந்தும் கிண்ணமும் போல உட்கார்ந்திருக்கும் இடம். அங்கே கோளாறு வந்தால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலுக்கு மாசக்கணக்கில் எண்ணெய் தேய்த்து, எக்ஸ்ரே எடுத்து, எதுவும் இல்லை என்று திரும்பியவர்களுக்குக் கடைசியில் இடுப்பு மூட்டில் பிரச்சினை இருப்பது தெரிய வருவதுண்டு.

கீழே உட்கார்ந்து எழ முடியவில்லை, சம்மணம் போட முடியவில்லை, காலை அகட்டி பைக்கில் ஏற முடியவில்லை, செருப்பு மாட்டக் குனிந்தால் தொடை இடுக்கில் சுருக்கென்கிறது: இப்படிச் சொன்னால் டாக்டருக்குச் சட்டென்று புரியும். "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னால் முதுகுக்கு வைத்தியம் நடக்க வாய்ப்பு உண்டு.

ஆயா கீழே விழுந்துட்டாங்க: இது தனிக் கதை

இடுப்பு ஆபரேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும், மூட்டுத் தேய்ந்து நாள் குறித்துச் செய்துகொள்ளும் ஆபரேஷனும், வயதானவர் விழுந்து எலும்பு முறிந்து அவசரமாகச் செய்யும் ஆபரேஷனும் ஒன்றல்ல. இரண்டின் முடிவுகளையும் ஒப்பிட்டுப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பாத்ரூமில் வழுக்கி, வாசற்படி தடுக்கி, ராத்திரி இருட்டில் எழுந்து போகும்போது தடுமாறி விழுவதுதான் வழக்கம். உயரத்திலிருந்து விழ வேண்டியதில்லை. எலும்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும். நின்ற நிலையில் சரிந்தாலே போதும். கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தால் கிட்டத்தட்ட உறுதி.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை வெளிப்படையாகப் பேச வேண்டும். வட தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எலும்பு முறிவு என்றால் பல குடும்பங்களுக்கு முதலில் நினைவு வருவது புத்தூர் கட்டு. கை முறிவுக்குக் கட்டுப் போட்டு சரியானவர்கள் எல்லோர் குடும்பத்திலும் இருப்பார்கள். அந்த நம்பிக்கையில் ஆயாவையும் காரில் படுக்க வைத்து அங்கே கூட்டிப் போகிறார்கள். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருந்தால் இது வேலைக்கு ஆகாது. காரணம் எளிது. எலும்பின் தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டித்தான் போகின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அவையும் அறுபடுகின்றன. ரத்தம் போகாத துண்டு ஒட்டாது. வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த ஆழத்தில் இருக்கும் எலும்பு அசையாமலும் நிற்காது.

கழுத்துக்குச் சற்றுக் கீழே முறிந்தால் கதை வேறு. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் எலும்பு ஒட்டும். ஆனால் ஆபரேஷன் இல்லாமல் ஒட்ட வைக்க, காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும். 75 வயதுக்காரர் அப்படிக் கிடந்தால் எலும்பு ஒட்டுவதற்குள் படுக்கைப் புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு என ஒவ்வொன்றாக வரும். ஆபரேஷன் செய்வதன் முக்கிய நோக்கமே அவரைச் சீக்கிரம் உட்கார வைத்து, எழுப்பி, நடக்க விடுவதுதான்.

எவ்வளவு சீக்கிரம்? விழுந்த அன்றோ மறுநாளோ செய்வது நல்லது என்பதுதான் பல நாடுகளின் வழிகாட்டுதல். அதைவிட வேகமாக, சில மணி நேரத்துக்குள்ளேயே செய்தால் இன்னும் உயிர்கள் பிழைக்குமா என்று 17 நாடுகளில் 69 மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். இந்திய மருத்துவமனைகளும் அதில் இருந்தன. 2,970 நோயாளிகள், ஒரு பிரிவுக்கு முறிவு உறுதியானதிலிருந்து சராசரியாக 6 மணி நேரத்தில் ஆபரேஷன், மற்றொரு பிரிவுக்கு 24 மணி நேரத்தில். 2020-ல் முடிவு வந்தது. 90 நாளில் இறந்தவர்கள் ஒரு பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 10 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சீக்கிரம் செய்தவர்களிடம் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் மனக்குழப்பமும் சிறுநீர்த் தொற்றும் குறைவு. அவர்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள், வீட்டுக்கும் சீக்கிரம் போனார்கள்.

இதிலிருந்து வீட்டில் இருப்பவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? ராத்திரி 2 மணிக்கே ஆபரேஷன் செய்யச் சொல்லி யாரோடும் சண்டை போட வேண்டாம். ஆனால் அந்த ஆய்வில் தாமதமான பிரிவே 24 மணி நேரம்தான். நம் ஊரில் முதலில் கட்டு, பிறகு உறவினர் கூட்டம், பிறகு பணம் புரட்டல், பிறகு இன்சூரன்ஸ் அனுமதி என்று ஒரு வாரம், பத்து நாள் ஓடிவிடுகிறது. அந்தப் பத்து நாளும் நோயாளி மல்லாந்து படுத்தே கிடக்கிறார்.

"அந்த வயசுல ஆபரேஷன் தாங்குமா?" என்பது அடுத்த கேள்வி. கேட்க வேண்டியது அதன் மறுபக்கம்: அந்த வயசுல படுக்கை தாங்குமா? பெரும்பாலானவர்களுக்குத் தாங்காது. அதனால்தான் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட் எல்லாம் இருப்பவர்களுக்கும் மயக்க மருத்துவர் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்கிறார். சர்க்கரை முழுசாகக் குறையட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பது பல நேரம் நல்லதைவிடக் கெடுதலைத்தான் அதிகம் செய்யும்.

ஒரு வருஷம் கழித்து எப்படி இருப்பார்கள்?

இங்கேதான் உண்மையைச் சொல்லத் தயக்கம் வருகிறது. இடுப்பு முறிந்த வயதானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், சில இடங்களில் நான்கில் ஒருவர் அல்லது அதற்கும் மேல், ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். வசதியான நாடுகளின் கணக்கும் இதுதான். மிஞ்சியவர்களில் கணிசமானவர்கள் பழையபடி தனியாகக் கடைக்குப் போய் வரும் நிலைக்குத் திரும்புவதில்லை. கையில் கோலோ வாக்கரோ வந்துவிடுகிறது. இந்த இறப்புகளை எல்லாம் ஆபரேஷன் கணக்கில் எழுதக் கூடாது. விழுவதற்கு முன்பே இதயமும் நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்திருந்தவர்கள்தான் இவர்களில் அதிகம். விழுந்தது அந்தத் தளர்ச்சியின் ஒரு அறிகுறி.

பாதி மூட்டு மாற்றா, முழு மூட்டு மாற்றா என்ற கேள்வியும் வரும். பாதி என்றால் பந்தை மட்டும் மாற்றுவது. ஆஸ்டின் மூர், பைபோலார் என்று டாக்டர்கள் சொல்வது இந்த வகைதான். முழு என்றால் பந்து, கிண்ணம் இரண்டும். முழுசாக மாற்றினால்தான் நல்லது, பாதி என்றால் ஏமாற்று என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. 2019-ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 10 நாடுகளில் சுமார் 1,500 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் முழு மாற்றில் 7.9 சதவீதம், பாதி மாற்றில் 8.3 சதவீதம். கிட்டத்தட்ட சமம். வீட்டுக்குள் நடமாடும் 80 வயதுக்காரருக்குப் பாதி மாற்றே போதும் என்று டாக்டர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. தினமும் நாலு தெரு நடக்கும் 62 வயதுக்காரர் என்றால் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பல நேரம் விட்டுப்போகும் ஒன்று உண்டு: எலும்பு மெலிவுக்கான சிகிச்சை. ஒரு இடுப்பு முறிந்தவருக்கு அடுத்த பக்கமும் முறிய வாய்ப்பு அதிகம். வருஷத்துக்கு ஒரு முறை போடும் சோலெட்ரோனிக் அமில ஊசியை, இடுப்பு முறிவு ஆபரேஷன் ஆன 90 நாளுக்குள் போட ஆரம்பித்து 2,100-க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்தார்கள். 2007-ல் வந்த அந்த முடிவில் புதிய எலும்பு முறிவுகள் 35 சதவீதமும், இறப்புகள் 28 சதவீதமும் குறைந்திருந்தன. எல்லோருக்கும் பொருந்தாது, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, கால்சியம், வைட்டமின் டி அளவு போதுமா என்று பார்த்துத்தான் போடுவார்கள். ஆனால் கேட்காமல் விட்டால் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை. பிளேட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் செலவழித்த குடும்பம் இந்தக் கேள்வியையும் கேட்டு விடுவது நல்லது.

35 வயசுல மூட்டு மாற்றா?

இன்னொரு கூட்டம், இளைஞர்கள். குறிப்பாக ஆண்கள். 30, 40 வயதில் தொடை இடுக்கில் வலி, மெல்ல நொண்டல். தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு உள்ளுக்குள்ளேயே செத்து, பிறகு பந்து நசுங்கிப் போகும் நோய் இது. டாக்டர்கள் ஏவிஎன் என்பார்கள். முக்கியக் காரணங்களில் இரண்டு: அதிகக் குடி, ஸ்டீராய்டு மருந்து. புதுச்சேரி என்றாலே மதுக்கடை என்று வெளியூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எலும்பு மருத்துவர்களுக்கு அது கிண்டல் விஷயம் இல்லை.

ஸ்டீராய்டு பலருக்கு உயிர் காக்கும் மருந்து; டாக்டர் கொடுத்தால் பயந்து நிறுத்தக் கூடாது. கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு பலரைக் காப்பாற்றியது. அதே சமயம், கொரோனாவிலிருந்து மீண்ட 3 பேருக்கு ஏவிஎன் வந்ததை மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். கவலைப்பட வேண்டியது, மூட்டு வலிக்கும் மூச்சிரைப்புக்கும் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாசக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளைப் பற்றித்தான்.

இந்த நோயில் ஆபரேஷன் முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: பந்து நசுங்குவதற்கு முன்பு வந்தீர்களா, பின்பு வந்தீர்களா? முன்பே வந்தால் எலும்புக்குள் துளையிட்டு அழுத்தத்தைக் குறைக்கும் சிறிய ஆபரேஷன் செய்து சொந்த மூட்டையே காப்பாற்ற முயற்சி செய்யலாம். அதுவும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. நசுங்கிய பிறகு அந்தத் துளை வேலைக்கு ஆகாது. கடைசியில் மூட்டு மாற்றுதான். ஆரம்ப கட்டத்தில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐ-யில்தான் தெரியும். ஒரு பக்கம் வந்தால் மறுபக்கமும் வந்திருக்க நிறைய வாய்ப்பு. வலிக்காத பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான், பில் ஏற்றுவதற்காக இல்லை.

எத்தனை வருஷம் தாங்கும்?

நாள் குறித்துச் செய்யும் முழு மூட்டு மாற்றின் முடிவுகள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. மருத்துவத்திலேயே இந்த அளவு வலியைப் போக்கும் ஆபரேஷன்கள் ரொம்பக் கொஞ்சம். ராத்திரி தூங்க விடாத வலி, ஆபரேஷன் ஆன சில நாட்களிலேயே போய்விட்டது என்று நோயாளிகள் சொல்வதில் மிகை இல்லை. உயிருக்கு ஆபத்தும் குறைவு. இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேட்டில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்தபோது, 90 நாளுக்குள் இறந்தவர்கள் 2003-ல் 0.56 சதவீதம், 2011-ல் 0.29 சதவீதம்.

ஆயுள்? ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான கணக்கு இது. 15 வருஷம் கழித்து 89 சதவீத மூட்டுகள் அப்படியே இருந்தன. 20 வருஷத்தில் 70 சதவீதம். 25 வருஷத்தில் 58 சதவீதம். இவை அன்றைய காலத்து மூட்டுகள். இப்போது வரும் பிளாஸ்டிக்கும் செராமிக்கும் குறைவாகத்தான் தேய்கின்றன.

ஆனால் சராசரி எல்லோருக்கும் பொருந்தாது. 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவருக்கு வாழ்நாளில் மறுபடி அதே மூட்டில் ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 சதவீதம்தான். 50-களின் தொடக்கத்தில் இருக்கும் ஆணுக்கு அது மூன்றில் ஒரு பங்கை நெருங்குகிறது. இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப் போல இருக்காது. எலும்பு குறைந்திருக்கும், ரத்தம் அதிகம் போகும், தொற்று வாய்ப்பும் அதிகம், செலவும் அதிகம். இளைஞர்களிடம் டாக்டர்கள் "கொஞ்ச நாள் தள்ளிப் போடுவோம்" என்பது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அதற்காக வலியில் வாழ்க்கை வீணாகும் அளவுக்குத் தள்ளிப் போடவும் தேவையில்லை.

இந்த எண்கள் எல்லாம் வந்தது எப்படி? யாரோ உட்கார்ந்து எழுதியதால். சுவீடன் 1979-லேயே இடுப்பு மூட்டு மாற்றுக்குத் தனிப் பதிவேடு தொடங்கிவிட்டது. எந்த ஊரில், யாருக்கு, எந்த கம்பெனி மூட்டு வைத்தார்கள், அது எப்போது கழன்றது என்று ஒன்று விடாமல் எழுதினார்கள். அதற்கும் முன்னோடி ஒருவர் உண்டு. இன்றைய மூட்டு மாற்றின் தந்தை எனப்படும் இங்கிலாந்து டாக்டர் ஜான் சார்ன்லி. 1950-களின் கடைசியில் அவர் டெஃப்லான் கிண்ணங்களை வைத்தார். ஆரம்பத்தில் நோயாளிகள் அருமையாக நடந்தார்கள். ஓரிரு வருஷத்தில் டெஃப்லான் தேய்ந்து, அந்தத் துகள் சுற்றியிருந்த எலும்பை அரித்தது. தன் தொடைக்குள்ளேயே டெஃப்லானை வைத்து உடம்பு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்த மனிதர் அவர். 1962-ல் பாலிஎதிலீனுக்கு மாறினார், அது நின்றது. முதல் வருஷம் நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது என்பதற்கு அவரது டெஃப்லான் நோயாளிகளே போதும்.

4,700 பேர், அதில் 3,600 பேர் எங்கே?

அதே மாதிரி ஒன்று நம் நாட்டிலும் நடந்தது. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ கம்பெனி தயாரித்த ஏஎஸ்ஆர் என்ற இடுப்பு மூட்டு. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். இளைஞர்களுக்கு நீண்ட நாள் தாங்கும் என்ற எதிர்பார்ப்பில் உலகம் முழுக்க சுமார் 93,000 பேருக்கு வைக்கப்பட்டது. உலோகமும் உலோகமும் உரசியதில் கோபால்ட், குரோமியம் துகள்கள் ரத்தத்திலும் சுற்றியுள்ள தசையிலும் கலந்தன. வலி, வீக்கம், தசை அழுகல் என்று நோயாளிகள் திரும்பி வந்தார்கள்.

இதைக் கண்டுபிடித்தது பதிவேடுகள். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் அந்த மூட்டு அளவுக்கு மீறிக் கழன்று வருவது தெரிந்தது. 2009 கடைசியில் அந்த நாட்டுச் சந்தையிலிருந்து அது விலக்கப்பட்டது. இங்கிலாந்து பதிவேட்டில் 5 வருஷத்திலேயே 12, 13 சதவீதம் பேருக்கு மறு ஆபரேஷன். 2010 ஆகஸ்டில் கம்பெனி உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் சுமார் 4,700 பேருக்கு அது வைக்கப்பட்டிருந்தது. மத்திய அரசு 2017-ல் டாக்டர் அருண் அகர்வால் தலைமையில் குழு அமைத்தது. 2018-ல் அறிக்கை வெளியானபோது அதிர்ச்சி தந்தது இழப்பீட்டுத் தொகை இல்லை. ஏறக்குறைய 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை என்ற தகவல்தான். ரத்தத்தில் உலோகம் ஏறுவது தெரியாமல், "வயசாயிடுச்சு, வலிக்கத்தான் செய்யும்" என்று அவர்களில் எத்தனை பேர் மாத்திரை போட்டுக்கொண்டு இருந்தார்களோ.

குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்றது அந்தக் குழு. வயதையும் பாதிப்பையும் வைத்து 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை என்று அடுத்த குழு கணக்கிட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்றது. கம்பெனி தொகையை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த வருஷம் மே மாதம், மறு ஆபரேஷன் செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் தர ஒப்புக்கொண்டது. 4,700 எங்கே, 67 எங்கே! இழப்பீடு கேட்க வேண்டுமென்றால் தன் உடம்புக்குள் இருப்பது அந்த மூட்டுதான் என்று நிரூபிக்கக் காகிதம் வேண்டுமே.

இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் டாக்டர்கள் விருப்பப்பட்டால் தகவல் தரலாம் என்ற வகை அது. சுவீடன் மாதிரி ஒன்று விடாமல் எழுதும் பதிவேடு இல்லாத இடத்தில், நோயாளிதான் தனக்குப் பதிவேடு.

அந்த ஸ்டிக்கரை வாங்கி வையுங்கள்

ஒவ்வொரு இம்ப்ளான்ட் பெட்டியோடும் கம்பெனி பெயர், மாடல், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் வரும். ஒன்றை கேஸ் ஷீட்டில் ஒட்டுவார்கள். இன்னொன்றை டிஸ்சார்ஜ் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வந்ததும் செல்போனில் படம் எடுத்துப் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். பேப்பரை வெள்ளம் கொண்டுபோகலாம், கரையான் தின்னலாம். கடலோர ஊர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. முன்பே ஆபரேஷன் ஆனவர்கள், செய்த மருத்துவமனையின் பழைய பதிவுப் பிரிவில் சீட்டைக் காட்டிக் கேட்டுப் பார்க்கலாம்.

மூட்டு நன்றாக இருந்தாலும் சில வருஷத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துக் காட்டுவது தேவை. கிண்ணம் தளர்வது வலி வருவதற்கு முன்பே படத்தில் தெரிந்துவிடும்.

தரையில் உட்காரலாமா?

வெளிநாட்டுக் கையேடுகளில் இந்தக் கேள்விக்கு இடமே இருக்காது. நமக்கோ இதுதான் வாழ்க்கை. சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, குத்துக்கால் வைத்து மீன் ஆய்வது, இந்தியன் டாய்லெட், கோயிலில் விழுந்து கும்பிடுவது, தொழுகை. இடுப்பை அதிகம் மடக்கி, காலை உள்பக்கம் திருப்பும்போது புது மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும் ஆபத்து இருக்கிறது. முதல் சில மாதங்களில் அதிகம். தாழ்வான நாற்காலியும் ஆகாது. பிறகு என்ன செய்யலாம் என்பது எந்தப் பக்கமாகத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள், எந்த அளவு பந்து வைத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். சில டாக்டர்கள் பிறகு அனுமதிப்பார்கள், சிலர் வாழ்நாள் முழுக்க வேண்டாம் என்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே உங்கள் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். வலை பின்னுகிறவருக்கும் பேங்கில் உட்காருகிறவருக்கும் ஒரே பதில் இருக்காது.

டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே வீட்டில் கமோடு வசதி, பாத்ரூமில் பிடித்து எழும்ப ஒரு கம்பி, வழுக்காத தரை, ராத்திரி விளக்கு இவற்றைச் செய்து வைத்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. ஜுரம், காயத்திலிருந்து நீர் வடிதல், கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல் என்றால் அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்கக் கூடாது.

குழந்தைகள் பற்றி ஒரு வார்த்தை. பிறவியிலேயே மூட்டு விலகியிருக்கும் கோளாறு முதல் சில மாதங்களில் தெரிந்தால் பெல்ட்டிலேயே சரியாகும். நடக்க ஆரம்பித்து, வாத்து மாதிரி சாய்ந்து நடக்கிறதே என்று பார்த்துக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். துணியில் கால்களை நீட்டி ஒட்டி வைத்து இறுக்கிச் சுற்றுவது மூட்டுக்கு நல்லதில்லை. இடுப்பில் காலை அகட்டி வைத்துத் தூக்கும் நம் ஊர் வழக்கம் நல்லது.

எந்த அட்டை செல்லும்?

கனகசெட்டிக்குளம் போன்ற எல்லை ஊர்களில் இது நிஜமான குழப்பம். புதுச்சேரிக்காரர் ஆயுஷ்மான் பாரத் அட்டையோடு வருவார். பக்கத்து மரக்காணம் பகுதியிலிருந்து வருபவரிடம் தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கும். இரண்டிலும் ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. 70 வயது தாண்டியவர்கள் வருமானம் பார்க்காமல் ஆயுஷ்மான் திட்டத்தில் சேரலாம் என்று 2024-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில், எந்த ஆபரேஷனுக்குப் பட்டியலில் இருக்கிறது என்பது வேறு விஷயம். அட்மிஷன் போடும் முன்பே இன்சூரன்ஸ் கவுன்டரில் மூன்றைக் கேளுங்கள்: என் அட்டை இங்கே செல்லுமா, இந்த ஆபரேஷன் அதில் வருமா, இம்ப்ளான்ட் விலை முழுக்க அடங்குமா அல்லது மேலே கட்ட வேண்டுமா? முழங்கால் இம்ப்ளான்டுக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டு வந்தது; அந்த உத்தரவில் இடுப்பு மூட்டு இல்லை. அதனால் "இம்போர்ட்டட் போட்டா நல்லது" என்று யாராவது சொன்னால், எந்த மாடல், எத்தனை வருஷப் பதிவு அதற்கு இருக்கிறது, விலை எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.